தோல் பெல்ட்டில் டூலிங்: முதல்முறை செய்கிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என் முதல் பெல்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பக்கிள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் முதல் எட்டு இஞ்ச், தண்ணீர் கூடிப்போன மாவில் அச்சு வைத்த மாதிரி கொழகொழவென்று இருக்கும், அடுத்த ஒரு அடி அம்சமாக வந்திருக்கும், அதற்கப்புறம் ஸ்டாம்ப், அதாவது அடித்துப் பதிக்கும் அச்சுக் கருவி, தோலில் பட்டதா இல்லையா என்றே தெரியாது. அடித்தது ஒரே கை, ஒரே ஸ்டாம்ப், ஒரே சாயங்காலம். மாறிக்கொண்டே போனது தோலில் இருந்த ஈரம் மட்டும்தான். சித்திரை மாதம், சென்னை, தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் இதில் ஈரத்தைப் பற்றி அலுக்கிற அளவுக்குப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த டிசைன்

டூலிங் என்பது ஈரமாக்கிய தோலின் மேல் கத்தியால் கோடு கீறி, ஸ்டாம்ப் வைத்து அடித்து அமுக்கி, புடைப்பாக உருவம் எடுப்பது. செதுக்குகிறோம் என்று சொன்னாலும் தோலிலிருந்து ஒரு துளிகூட வெளியே வராது, மேடும் பள்ளமும்தான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குதிரைச் சேணம் செய்தவர்கள் வளர்த்தெடுத்த வேலை இது. அதில் உச்சம் என்று பலர் சொல்வது வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊர்ப் பாணி: வட்டவட்டமாகச் சுழலும் கொடி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு காட்டு ரோஜா. டான் கிங் என்ற சேணக்காரர் பெயரோடு சேர்த்துத்தான் அந்தப் பாணியைச் சொல்வார்கள். யூடியூபில் அதைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் ஆசை வருகிறது, எனக்கும் அப்படித்தான் வந்தது.

முதல் பெல்ட்டில் ரோஜா வேண்டாம். ஒரு பூவுக்கு ஏழெட்டு விதமான ஸ்டாம்ப் வேண்டும், கத்தி கையில் வழுக்காமல் வளைந்து ஓட வேண்டும், இது இரண்டும் இல்லாமல் வரைந்தால் அது பூவாக இருக்காது, நசுங்கிய காலிஃப்ளவராக இருக்கும். கூடைப்பின்னல் எடுங்கள். ஒரே ஸ்டாம்பைத் திரும்பத் திரும்ப வைத்து அடித்தால் ஓலைப்பாய் மாதிரி பின்னல் விழும், சின்னப் பிசகு கூட்டத்தில் மறைந்துவிடும். அதே சமயம் ஈரம், அடியின் பலம், ஓரக் கோடு, கத்தி, எல்லாமே இதில் பழகிவிடும். இரண்டு பக்கமும் ஒரு ஓரக் கோடு, உள்ளே கூடைப்பின்னல், அவ்வளவுதான் இந்த பெல்ட்.

தோல் வாங்குவது

இங்கே தப்பினால் மீதி எதுவும் பலிக்காது. தாவரப் பட்டையால் பதனிட்ட தோல்தான் அச்சைப் பிடித்துக்கொள்ளும். க்ரோம் உப்பில் பதனிட்டது ரப்பர் மாதிரி திரும்ப எழுந்துவிடும், எவ்வளவு அடித்தாலும் மறுநாள் சமதளம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றி இத்தனை தோல் தொழிற்சாலை இருக்கிறதே என்று சும்மா போய் வாங்கிவிடாதீர்கள். ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் போவதில் பெரும்பாலும் க்ரோம்தான்.

நம்ம ஊரிலேயே பழைய முறை ஒன்று உண்டு. ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டு, கடுக்காயில் போட்டெடுத்து, எண்ணெய் ஏற்றிக் காயவைப்பார்கள். பிறகு ஆவாரம் பட்டை இருந்த இடத்தில் வாட்டில் மரப்பட்டை வந்துவிட்டது. ஈஐ (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று ஏற்றுமதி வட்டாரத்தில் சொல்லும் இதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சென்னையில் பெரியமேட்டுக் கடைகளில் கேட்டுப்பாருங்கள். கேட்க வேண்டிய வார்த்தை: "வெஜ் டேன், நேச்சுரல், ஃபினிஷ் போடாதது." மாட்டுத்தோலாக இருக்கட்டும். ஆட்டுத்தோல் பெல்ட்டுக்கு மெல்லிசு, நீளமும் பத்தாது. எருமைத்தோல் தடிமனாகக் கிடைக்கும், ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பு, நுணுக்கம் தெரியாது.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நீங்களே மூன்று சோதனை செய்யலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அது உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கி அந்த இடம் கறுக்க வேண்டும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் க்ரோம். ஈரம் பட்ட இடத்தில் நகத்தால் அழுத்துங்கள், தடம் நிற்க வேண்டும். தடிமன் 3.2 முதல் 4 மில்லிமீட்டர். வெளிநாட்டு வீடியோக்களில் எட்டு அவுன்ஸ், பத்து அவுன்ஸ் என்று சொல்வது இதைத்தான், ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர். முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் வெட்டித் தரச் சொல்லுங்கள். வயிற்றுப் பகுதி விலை குறைவாக இருக்கும், ஆனால் இழுபடும், ஆறு மாதத்தில் பெல்ட் பாம்பு மாதிரி வளைந்துவிடும். அப்படியே கொஞ்சம் துண்டுத்தோலும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பெல்ட்டில் கை வைக்கவே கூடாது.

சாமான்கள்

ஸ்விவல் கத்தி ஒன்று. கழுத்து சுழலும் கத்தி இது, தலையில் விரல் வைக்க ஒரு வளைவு இருக்கும். கூடைப்பின்னல் ஸ்டாம்ப் ஒன்று, கோட்டின் ஒரு பக்கத்தைச் சரிவாக அமுக்குகிற பெவலர் ஒன்று, ஓரத்தில் வரிசையாக அடிக்க அரைவட்ட வடிவ கேமோஃப்ளாஜ் ஸ்டாம்ப் ஒன்று. ஆன்லைனில் வாங்கும்போது கிராஃப்டூல் என்ற பிராண்டின் எண்களில் முதல் எழுத்தைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும்: எக்ஸ் என்றால் கூடைப்பின்னல், பி என்றால் பெவலர், சி என்றால் கேமோஃப்ளாஜ். நாற்பது ஸ்டாம்ப் கொண்ட மலிவு செட் வாங்காதீர்கள், நான் வாங்கியதில் நான்குதான் இன்னும் உபயோகத்தில் இருக்கிறது.

அடிப்பதற்கு இரும்புச் சுத்தியல் வேண்டாம், ஸ்டாம்பின் தலை நசுங்கிப் பூத்துவிடும். ஆசாரிகள் வைத்திருக்கும் மரக் கொட்டாப்புளி போதும். அடியில் வைக்க கிரானைட். அடுப்பு மேடை போடும் கடையில் சிங்க்குக்கு வெட்டியெடுத்த துண்டு கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு அடிக்கு ஒரு அடி போதும். அதற்குக் கீழே ரப்பர் ஷீட் விரியுங்கள். மேசையின் நடுவில் வைக்காமல் மேசைக்கால் நேராக இருக்கும் மூலையில் கல்லை வையுங்கள், அடி நன்றாக இறங்கும், கீழ்வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் புண்ணியம்.

அளவு

பேன்ட்டில் போட்டிருக்கும் 34, 36 எதையும் நம்ப வேண்டாம். இப்போது போடும் பெல்ட்டை எடுத்து, பக்கிள் கம்பியில் தோல் மடங்கும் இடத்திலிருந்து நீங்கள் வழக்கமாக மாட்டும் துளை வரை அளந்துகொள்ளுங்கள். 37 இஞ்ச் வருகிறது என்று வையுங்கள். மடிப்புக்குப் பின்னால் போக இரண்டரை இஞ்ச், நடுத்துளைக்கு அப்பால் வால் ஆறு இஞ்ச், ஆகமொத்தம் 45.5. ஆனால் 48 இஞ்சாக வெட்டுங்கள். ஏனென்றால் ஈரத்தோலை அடித்தால் அது நீளும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வால் முனையை எல்லாம் முடிந்து காய்ந்தபிறகுதான் வெட்ட வேண்டும். நான் முதலிலேயே கூராக வெட்டி துளையும் போட்டுவிட்டுத்தான் டூலிங்குக்கு உட்கார்ந்தேன்; முடிந்தபோது நடுத்துளை என் இடுப்பை விட்டு ஒரு இஞ்ச் தள்ளிப் போயிருந்தது.

அகலம் ஜீன்ஸுக்கு ஒன்றரை இஞ்ச், ஆபீஸ் பேன்ட்டுக்கு ஒன்றேகால். நேராகக் கிழிக்க ஸ்ட்ராப் கட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீளமான இரும்பு அளவுகோலும் புது பிளேடும், ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் மூன்று முறை மெதுவாக.

வேலை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மடிப்பிலிருந்து நான்கு இஞ்ச் விட்டுத் தொடக்கம், முதல் துளைக்கு இரண்டு இஞ்ச் முன்னால் முடிவு. ஒரு இஞ்ச் இடைவெளியில் ஐந்து துளை என்ற நமது கணக்கில் 29 இஞ்ச் டூலிங். துளைகளுக்கு நடுவில் பின்னல் ஓடினால் அது பார்க்கவும் நன்றாக இருக்காது, பக்கிள் உரசி உரசி முதலில் தேய்வதும் அங்கேதான்.

ஈரம் ஏற்றுவது

முதலில், தோல் காய்ந்திருக்கும்போதே சதைப்பக்கம், அதாவது சொரசொரப்பான அடிப்பக்கம், முழுக்க அகலமான பார்சல் டேப்பை ஒட்டி நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தோல் நீளாமல் இதுதான் பிடித்து நிறுத்தும். பிறகு மேல்பக்கம் ஸ்பாஞ்சால் தண்ணீர் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஓரத்திலிருந்து ஓரம் வரை, விடாமல் தடவுங்கள். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நனைத்தால் அந்த ஈரத்தின் விளிம்பு கறையாகவே தங்கிவிடும். உறிஞ்சியதும் மறுபடி ஒரு முறை, மறுபடி ஒரு முறை. நிறம் நன்றாகக் கறுத்து, இனி குடிக்க மறுக்கிறது என்று தெரிந்ததும் சுருட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப்புகாமல் கட்டி ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். அப்போதுதான் ஈரம் மேலே மட்டும் நிற்காமல் நடுவரை சமமாகப் பரவும்.

இந்த வெயிலில் ஒரு நாளுக்கு மேல் அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வேலை தள்ளிப்போனால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். எங்கள் வீட்டில் தயிருக்குப் பக்கத்தில் மாட்டுத்தோலைப் பார்த்த அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் தோலில் நீலக் கறுப்பாகப் புள்ளி விழும். தோலில் இருப்பது பட்டையின் துவர்ப்பு, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வித்தைதான். அதனால் கேன் தண்ணீரே எடுத்துக்கொள்ளுங்கள், ஈரத்தோலைத் துரு பட்ட மேசையில் வைக்காதீர்கள், இரும்புத் தூள் பக்கத்தில் இருக்கவே கூடாது. மீறிப் புள்ளி விழுந்தால் எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து அந்த அகலம் முழுக்கத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

மறுநாள் கவரிலிருந்து எடுத்தவுடனே அடிக்கத் தொடங்காதீர்கள். இதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. மேல்பக்க நிறம் காய்ந்த தோலின் நிறத்துக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வர வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். துண்டுத்தோலையும் இதோடு சேர்த்தே ஊறப்போட்டிருப்பீர்கள் அல்லவா, அதில் ஒரு அடி அடித்துப் பாருங்கள். ஸ்டாம்பைச் சுற்றித் தண்ணீர் கசிந்தாலோ பள்ளம் மெதுவாக மேலே எழும்பினாலோ ஈரம் அதிகம், அரைமணி காத்திருங்கள். அடித்த இடம் வெளிறி, மேலோட்டமாகத் தெரிந்தால் காய்ந்துவிட்டது. பதம் சரியாக இருக்கும்போது அடித்த பள்ளம் தானாகவே பழுப்பாகக் கறுத்து நிற்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

ஃபேனை அணையுங்கள். வேலை நடக்கிற ஆறு இஞ்ச் தவிர மீதி பெல்ட்டை கவருக்குள்ளேயே வைத்திருங்கள். மோதிரம், வாட்ச், வளையல் கழற்றிவிடுங்கள், நகம் வெட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பதத்தில் எது பட்டாலும் தோல் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஓரக் கோடும் கத்தியும்

ஸ்கூல் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர் இங்கே உதவும். முனை இரண்டையும் உப்புத்தாளில் லேசாக மழுக்கி, நான்கு மில்லிமீட்டர் விரித்து, ஒரு கால் தோலின் ஓரத்தை ஒட்டி வெளியே, இன்னொரு கால் மேலே என்று வைத்து இழுத்தால் இரண்டு பக்கமும் நேரான கோடு விழும்.

அந்தக் கோட்டின் மேல் ஸ்விவல் கத்தி. ஆள்காட்டி விரல் தலையிலுள்ள வளைவில், கட்டை விரலும் நடுவிரலும் தண்டைப் பிடித்துத் திருப்ப, சுண்டு விரல் தோலில் ஊன்றி. கத்தியை உங்களை நோக்கி இழுக்க வேண்டும், முன்னால் தள்ளக் கூடாது. இடது வலது சாயக் கூடாது, சாய்ந்தால் ஒரு பக்கம் குடைந்துவிடும். ஆழம் தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இழுக்கும்போது கத்தி திக்கித் திக்கிப் போனால் கையைக் குறை சொல்லாதீர்கள், கத்தி மழுங்கியிருக்கிறது. நோட்டுப் புத்தக அட்டையில் பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று கோட்டுக்கு ஒருமுறை கத்தியைப் பின்பக்கமாக இழுத்துத் தீட்டுங்கள். துண்டுத்தோலில் ஐம்பது கோடாவது போட்டபிறகு பெல்ட்டுக்கு வாருங்கள். தப்பாகக் கீறியதை ஒட்டவைக்க வழி கிடையாது.

பிறகு பெவலர். அதன் தடித்த விளிம்பு கீறலுக்குள் உட்கார வேண்டும், சரிவு உள்பக்கம் பார்க்க வேண்டும், அப்போதுதான் ஓரம் மேடாக நின்று உள்ளே பள்ளமாகும். ஒரு இடத்தில் வைத்து ஓங்கி அடித்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைத்து அடித்தால் படிப்படியாகத் தெரியும். ஸ்டாம்பைத் தோலிலிருந்து எடுக்காமல் மயிரிழை நகர்த்தி நகர்த்தி, சின்னச் சின்ன அடியாக, முந்தைய தடத்தின் பாதி மேல் ஏறுகிற மாதிரி நடத்திக்கொண்டே போங்கள். தையல் மிஷின் ஓடுகிற சத்தம் வர வேண்டும்.

கூடைப்பின்னல்

டூலிங் பகுதியின் நடுவிலிருந்து தொடங்குங்கள், முனையிலிருந்து அல்ல. நடுவில் சாய்வாக ஒரு கோடு, ஸ்கேல் வைத்து டிவைடர் முனையால் லேசாக, அழுத்தாமல். அந்தக் கோட்டின் மேல் முதல் வரிசை. ஸ்டாம்பின் இரண்டு ஓரத்திலும் சின்னக் கால் மாதிரி கோடு இருக்கும். அடுத்த தடத்தின் கால், முந்தைய தடத்தின் கால் மேல் சரியாக உட்கார வேண்டும், பக்கத்தில் விழக் கூடாது, இடைவெளியும் இருக்கக் கூடாது. இரண்டாவது வரிசை முதல் வரிசையின் இடுக்கில் வந்து பூட்டிக்கொள்ளும். முதல் இருபது அடிக்கு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து வையுங்கள், அப்புறம் விரலுக்கே பள்ளம் தட்டுப்படும்.

அடி எல்லாம் ஒரே பலத்தில். இது சொல்வதற்கு எளிது, முந்நூறு, நானூறு அடி போக வேண்டிய இடத்தில் இருநூறாவது அடியில் தோள் வலிக்கத் தொடங்கும், அப்போது அடி தளரும், பின்னலில் ஒரு மங்கிய பட்டை விழும். கவருக்குள் போட்டு மூடிவிட்டு எழுந்து டீ குடித்துவிட்டு வாருங்கள். மூன்று இஞ்சுக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து, வரிசை முதலில் போட்ட சாய்விலேயே போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் அரை டிகிரி திரும்பினாலும் ஒரு அடி தூரத்தில் பின்னல் படுத்துவிடும். திரும்பியிருப்பது தெரிந்தால் ஒரே அடியில் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அடுத்த ஐந்தாறு தடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் யாருக்கும் தெரியாது.

ஓரக் கோட்டருகில் முழு ஸ்டாம்ப் அடங்காது. அங்கே ஸ்டாம்பை உள்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தட்டினால் பாதித் தடம் மட்டும் விழும், மேடாக நிற்கும் ஓரத்தில் படாது. கடைசியாக அந்தக் கோட்டை ஒட்டி கேமோஃப்ளாஜ் ஸ்டாம்பை வரிசையாக அடித்துவிட்டால் அரைகுறைத் தடமெல்லாம் மறைந்து ஒரு கரை மாதிரி அழகாக முடிந்துவிடும். நடுவே தோல் காய்ந்தால் நனைத்த துணியால் அகலம் முழுக்க ஒருமுறை துடைத்துக்கொள்ளலாம், சொட்டவிடாதீர்கள்.

காய்தல், வெட்டு, துளை

நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஹேர் டிரையர், வெயில் எதுவும் இப்போது வேண்டாம், ஈரத்தோலில் சூடு பட்டால் சுருங்கி விறைத்துப்போகும். காய்ந்ததும் டேப்பை மெதுவாக உரித்துவிட்டு மறுபடி அளந்து, மடிப்பிலிருந்து 37 இஞ்சில் நடுத்துளை, அதற்கு இரு பக்கமும் ஒரு இஞ்ச் இடைவெளியில் இரண்டிரண்டு, மொத்தம் ஐந்து. கடைசித் துளைக்கு அப்பால் நான்கு இஞ்ச் விட்டு வாலை வெட்டுங்கள், பத்து ரூபாய் நாணயத்தை வைத்து முனையை உருட்டலாம். பக்கிளின் முள் போக மடிப்பின் நடுவில் ஒரு இஞ்ச் நீளத்துக்கு ஒரு வாய். இரண்டு முனையிலும் துளை போட்டு நடுவைப் பிளேடால் வெட்டி எடுத்தால் போதும். மடிப்புக்குப் பின்னால் போகும் பகுதியைச் சதைப்பக்கத்திலிருந்து சீவி மெல்லிசாக்க வேண்டும், பாதித் தடிமனுக்குக் கீழே போகாதீர்கள், இழுப்பு முழுக்க அங்கேதான் விழுகிறது. இப்போதே நான்கு ஓரத்தின் கூர்மையையும் எட்ஜ் பெவலரால் எடுத்துவிடுங்கள்; இது ஓரம் சீவும் கருவி, மேலே சொன்ன பெவலர் ஸ்டாம்ப் அல்ல.

நிறம்

முதல் பெல்ட்டுக்குச் சாயமே வேண்டாம் என்பது என் கட்சி. நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்று ஒன்று கிடைக்கும், மாட்டின் பாதம், கால் எலும்பிலிருந்து எடுப்பது. அதைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, மறுநாள் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் வெயில் காட்டினால் தேன் நிறம் வரும். ஓவராக எண்ணெய் விட்டால் துவண்டுவிடும்.

பின்னலின் பள்ளத்தில் கறுப்பு நின்று மேடு வெளிச்சமாகத் தெரிய வேண்டுமென்றால் ஆன்டிக் பேஸ்ட். அதற்கு முன்னால் அக்ரிலிக் ஃபினிஷ் இரண்டு மெல்லிய பூச்சு பூசி நன்றாகக் காயவைத்தே ஆக வேண்டும். நான் அதைத் தாண்டிப் போனேன், பேஸ்ட் பள்ளத்தோடு மேட்டிலும் ஊறி, நான்கு மணி நேர வேலை ஒரே கறுப்புப் பட்டையாகிவிட்டது. பேஸ்டைப் பழைய டூத் பிரஷால் இடுக்கெல்லாம் ஏற்றி, காய விடாமல் உடனே மேலாகத் துடைத்தெடுங்கள், அதன் மேல் இன்னொரு ஃபினிஷ் பூச்சு.

ஓரத்தை மினுக்க சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசல். கேக் சாமான் விற்கும் கடையில் இந்தத் தூள் கிடைக்கும், ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், ராத்திரி ஊறினால் கஞ்சி மாதிரி ஆகிவிடும். ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, இதை விரலால் தடவி, பழைய ஜீன்ஸ் துணியால் சூடேறும்வரை வேகமாகத் தேயுங்கள். மூன்று சுற்று போனால் கண்ணாடி மாதிரி வரும்.

பக்கிளை மாட்டி, மடித்து, இரண்டு சிகாகோ ஸ்க்ரூவால் (இரு பக்கமும் தட்டைத் தலையோடு ஒன்றுக்குள் ஒன்று முடுக்குவது) பூட்டுங்கள். நடுவில் வால் செருகும் வளையத்தை மறந்துவிட்டுப் பூட்டி மறுபடி கழற்றாதவர் யாருமில்லை. ஸ்க்ரூ மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து முடுக்கினால் நடுரோட்டில் கழன்று விழாது. முதல் வாரம் விறைப்பாக இருக்கும், சுருட்டி வைக்காமல் பக்கிளில் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் வைத்தால் வெள்ளையாகப் பூஞ்சை படரும், பதறாமல் காய்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வெளியே மாட்டுங்கள், என்னுடையது கதவுக்குப் பின்னால் தொங்குவதற்குக் காரணமும் அதுதான்.